உபரி 3 லட்சம்னு கணக்கு சொல்லுது, வாடகைக்குத் திண்டாடுறோம்: மதுரைப் பக்கம் ஒரு கலை மையத்தின் நிதி நிலைமை

புதுப்பொருளாளர் | 6 ஜூலை 2025, இரவு 8.10

எல்லாருக்கும் வணக்கம். மதுரைக்குத் தெற்கே ஒரு சின்ன கலை மையம். பதிவு பெற்ற சங்கம், லாப நோக்கம் கிடையாது. சனி, ஞாயிறு பறை, ஒயிலாட்டம், சிலம்பம், பிள்ளைகளுக்கு ஓவியம். மாசம் ஒரு தடவை மொட்டைமாடிக் கொட்டகையில் நாடகமோ கதைசொல்லலோ நடக்கும். பேர் வேண்டாம், இங்கே பாதிப் பேருக்குத் தெரிஞ்ச இடமாத்தான் இருக்கும். பேங்கில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவன்ங்கிற ஒரே தகுதிக்காக ஏப்ரலில் என்னைப் பொருளாளர் ஆக்கிட்டாங்க.

2024-25 கணக்கு இதுதான். வரவு 18 லட்சம். அதில் வகுப்புக் கட்டணம் 4.6, நன்கொடை 3.2, ஒரு கம்பெனி சமூகப் பணிக்குன்னு ஒதுக்கிக் கொடுக்கிற சிஎஸ்ஆர் பணம் 6, மத்திய அரசோட குரு-சிஷ்ய மானியம் 2.4, கொட்டகை வாடகை 1.8. செலவு 14.9 லட்சம். வாத்தியார்களுக்கு 5.4, கட்டட வாடகை 3, அலுவலக உதவியாளருக்கு 1.8, பொங்கல் கலைவிழாவுக்கு 2.1, பள்ளிக்கூடத் திட்டத்துக்கு 1.2, கரண்ட் 0.7, இதர செலவு 0.7. மிச்சம் 3.1. போன வருஷத்து இருப்பு 1.1 சேர்த்து மார்ச் 31 அன்னைக்கு பேங்கில் 4.2 லட்சம்.

கமிட்டியில் எல்லாருக்கும் சந்தோஷம். மூணு லட்சம் லாபம், சவுண்ட் சிஸ்டம் வாங்கிருவோம்னு ஒருத்தர். கொட்டகைக்குப் புதுத் தகரம் போடுவோம்னு இன்னொருத்தர். எனக்கு மட்டும் இடிக்குது. ஏன்னா ஜூலை வாடகை கொடுத்த பிறகு பேங்கில் இருக்கிறது 1.4 லட்சம்தான். மூணு மாசத்தில் 2.8 லட்சம் கரைஞ்சிருக்கு.

இந்த மையம் நல்லா இருக்கா, மூடுற நிலைமையா? எதைப் பார்த்து முடிவு பண்றது?

டீக்கடைபெஞ்ச் | 6 ஜூலை, இரவு 8.32

கலை மையம்னு போர்டு மாட்டும்போதே கஷ்டத்துக்குக் கால்கோள் விழா நடத்தியாச்சு சார். இதுக்கு எதுக்கு கணக்கு? பேசாம ஒரு மொய் விருந்து போடுங்க. கெடா வெட்டி நோட்டுல எழுத ஆரம்பிச்சா ஒரே மத்தியானத்துல பிரச்சினை தீர்ந்துரும்.

பேரேடு | 6 ஜூலை, இரவு 9.15

மொய் வாங்கினா திரும்பச் செய்யணும் தம்பி. அது கணக்குப்படி கடன். இவருக்கு ஏற்கெனவே கடன் இருக்கும்னு தோணுது, அதைத்தான் கேக்கப்போறேன்.

பொருளாளர் சார், நான் மதுரையில் ஆடிட்டர். சின்ன அறக்கட்டளை, சங்கங்கள் சிலதுக்குப் பார்க்கிறேன். நீங்க போட்டிருக்கிறது எவ்வளவு பணம் வந்தது, எவ்வளவு போனதுங்கிற ரொக்கக் கணக்கு. அதை வெச்சு உபரின்னு சொல்ல முடியாது. மூணு கேள்வி. அந்த சிஎஸ்ஆர் 6 லட்சம் எதுக்குன்னு கொடுத்தது, அதில் மார்ச் 31 வரைக்கும் செலவு 1.2 மட்டும்தானா? யார்கிட்டயாவது கைமாத்து வாங்கியிருக்கீங்களா? யாருக்காவது கொடுக்கவேண்டிய பாக்கி இருக்கா?

புதுப்பொருளாளர் | 7 ஜூலை, காலை 6.50

நன்றி சார். சிஎஸ்ஆர் பணம் ஜனவரியில் வந்தது. ஆறு அரசுப் பள்ளிகளில் டிசம்பர் வரைக்கும் பறையும் ஒயிலும் சொல்லிக்கொடுக்கிற ஒரு வருஷத் திட்டம். பரீட்சை, லீவுன்னு மார்ச் வரைக்கும் 1.2 தான் செலவு.

கைமாத்து உண்டு. 2023-24இல் மானியம் வரத் தாமதமானப்ப (அந்தப் பணம்தான் 2024-25 கணக்கில் 2.4ஆ வந்திருக்கு), அப்போ இருந்த செயலாளர் சொந்தக் காசு 1.5 லட்சம் கொடுத்திருக்கார். செக்காத்தான் கொடுத்தார். வட்டி கிடையாது, இன்னும் திருப்பலை. அவரும் கேக்கலை. வேற பாக்கி எதுவும் இல்லைன்னுதான் நினைக்கிறேன்.

பேரேடு | 7 ஜூலை, காலை 10.05

அப்போ கணக்கைத் திருப்பிப் போடுவோம்.

சிஎஸ்ஆரில் செலவாகாத 4.8 லட்சம் அந்தப் பள்ளிக்கூடப் பிள்ளைகளோட பணம். உங்க கையில் இருக்கு, உங்களுது இல்லை. ஆனா மார்ச் 31 அன்னைக்கு பேங்கில் இருந்ததே 4.2 தான். அதாவது திட்டப் பணத்தில் 60,000 ரூபாய் ஏற்கெனவே வேற எதுக்கோ போயிருச்சு. கட்டட வாடகைக்கோ, விழாப் பந்தலுக்கோ. அதோட செயலாளர் கடன் 1.5. ஆக உங்க சொந்த நிலைமை மைனஸ் 2.1 லட்சம்.

இன்னொரு விதமாவும் பாருங்க. திட்ட வரவையும் திட்டச் செலவையும் ரெண்டு பக்கமும் எடுத்துட்டா, வருஷம் பூரா மையத்தை ஓட்ட வந்தது 12 லட்சம், ஆனது 13.7. வருஷத்துக்கு 1.7 லட்சம் பள்ளம். அந்த 12லயும் 2.4 மானியம், பழைய வருஷத்துப் பாக்கி இந்த வருஷம் வந்து சேர்ந்தது.

உபரின்னு நீங்க பார்க்கிறது மத்தவங்க பணம் உங்க அக்கவுண்டில் தங்கியிருக்கிற இடைவெளி. ஜூலையில் 1.4 ஆனது அந்த இடைவெளி மூடுறதாலதான். தகரமும் சவுண்ட் சிஸ்டமும் இப்போதைக்கு வேண்டாம்.

வாடிப்பட்டிசெட்டு | 7 ஜூலை, இரவு 10.40

அண்ணே, படிச்சுக்கிட்டு வந்தேன். "வேற பாக்கி இல்லைன்னு நினைக்கிறேன்"ங்கிற இடத்துல நின்னுட்டேன்.

நான் பறைச் செட்டு வெச்சிருக்கேன். ரெண்டு மூணு மையத்துல ஞாயித்துக்கிழமை சொல்லிக்குடுக்குறேன். உங்க மையம் எதுன்னு எனக்குத் தெரியாது, அதனால உங்களைச் சொல்லல. பொதுவா சொல்றேன். எந்த மையத்துலயும் எங்க சம்பளம் தேதிக்கு வராது. "மானியம் வந்ததும் தர்றோம்ணே", "விழா முடியட்டும்ணே". நாங்களும் கலைன்னு சொல்லி வாய மூடிக்கிருவோம். வாடகை மட்டும் அஞ்சாந்தேதி போயிரும், வீட்டுக்காரர் பூட்டுப் போட்டுருவாருல்ல. கரண்ட் பில்லும் போயிரும், பீஸப் புடுங்கிருவான். நாங்க பூட்டும் போட மாட்டோம், பீஸும் புடுங்க மாட்டோம். அதனால கடைசி.

உங்க சம்பள நோட்டை எடுத்து, மார்ச் மாசச் சம்பளம் எந்த மாசம் குடுத்தாங்கன்னு மட்டும் பாருங்க. செயலாளர் குடுத்த ஒன்றரை லட்சத்தைக் கடன்னு எழுதியிருக்கீங்க. நாங்க குடுக்குற கடனை எங்க எழுதுவீங்க?

புதுப்பொருளாளர் | 8 ஜூலை, மாலை 5.30

இன்னைக்கு மையத்துக்குப் போய் வவுச்சர் கட்டைப் பிரிச்சேன். வாடிப்பட்டித் தம்பி சொன்னது அப்படியே இருக்கு. "பிப்ரவரி மாத மதிப்பூதியம்"னு எழுதி, கீழே கையெழுத்துத் தேதி ஏப்ரல் 19. "மார்ச்" வவுச்சரில் மே 23. ரெண்டு மாசம் பின்தங்கியே வருஷக்கணக்கா ஓடியிருக்கு. புதுசா வந்த ஒரு சிலம்ப ஆசிரியரோட வவுச்சரில் பென்சிலில் "அவசரம், மகள் ஃபீஸ்"னு யாரோ குறிச்சு வெச்சிருக்காங்க. அவருக்கு மட்டும் பாதி முன்னாடி போயிருக்கு.

மாசம் 45,000, ரெண்டு மாசம் 90,000. ஆடிட்டர் சாரோட மைனஸ் 2.1 இப்போ மைனஸ் 3. கமிட்டி வாட்சப் குழுவில் போட்டேன். ரெண்டு பேர் கும்பிடு எமோஜி, ஒருத்தர் "இதெல்லாம் எல்லா இடத்திலயும் இருக்கிறதுதான்". சவுண்ட் சிஸ்டம் கேட்டவர் கப்சிப்.

நாடகப்பித்தன் | 8 ஜூலை, இரவு 9.20

வயசானவன் ஒரு வார்த்தை. மதுரைக்கு இந்தப் பாடு புதிதல்ல. நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் இங்கே தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். பிற்பாடு பெரிய நாடகக்காரர்களான டி.கே.எஸ். சகோதரர்கள் பிள்ளைகளாகச் சேர்ந்தது அங்கேதான். அந்தக் கம்பெனிகளுக்கு மானியமும் இல்லை, நன்கொடையும் இல்லை, டிக்கெட் வசூல்தான். மழை பெய்தால் வசூல் போச்சு. ஆனால் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட்டே ஆகவேண்டும்.

இப்போதைய ஸ்பெஷல் நாடகக்காரர்களை, அதாவது ஒவ்வொரு ஆட்டத்துக்கும் தனித்தனியாகப் பேசி அழைக்கப்படும் நடிகர்களைப் பாருங்கள். வள்ளி திருமணத்துக்கு ஒரு ஊரில் தேதி கேட்டால், அட்வான்ஸ் கைக்கு வந்த பிறகுதான் நடிகருக்குத் தேதி உறுதி. விடிய விடிய ஆடிவிட்டு, வேஷம் கலைத்ததும் மீதியை எண்ணி வாங்கிக்கொண்டுதான் பஸ் ஏறுவார்கள். கடன் சொல்லும் பேச்சே கிடையாது. மாசியில் ஆரம்பித்து வைகாசி வரைக்கும் சம்பாதிப்பதை வைத்துத்தான் மழைக்காலத்தை ஓட்டவேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும். கணக்கு தெரியாத கலைஞன் என்று பேசுவதெல்லாம் நம் கற்பனை. சபாக்காரர்களையும் மையக்காரர்களையும் விட நாடக நடிகனுக்குக் கணக்கு நன்றாகவே தெரியும்.

பொருளாளர் ஐயா, மாதாமாதம் வரவும் செலவும் எப்படி ஏறி இறங்குகிறது என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்தீர்களா? வருஷ மொத்தம் இதையெல்லாம் மறைத்துவிடும்.

வாடிப்பட்டிசெட்டு | 8 ஜூலை, இரவு 9.55

ஐயா சொல்றது நூத்துக்கு நூறு. பங்குனி, சித்திரையில எங்களுக்கு ஒரே நாள்ல ரெண்டு புரோகிராம் வரும். அப்ப ஞாயித்துக்கிழமை வகுப்புக்கு வர மாட்டோம், பெத்தவங்க கட்டணத்தைத் திருப்பிக் கேப்பாங்க. பொழப்பே இல்லாத புரட்டாசி, ஐப்பசியிலதான் எங்களுக்கு வகுப்புச் சம்பளம் உசுரு. அந்த மாசம் பார்த்து மையத்துலயும் காசு இருக்காது.

ஆலைக்காரன் | 9 ஜூலை, காலை 11.10

சிஎஸ்ஆர் பக்கம் நான் வேலை பார்க்கிறேன், எந்தக் கம்பெனின்னு வேண்டாம். கொடுக்கிற பக்கத்தில் இருந்து ரெண்டு விஷயம்.

ஒண்ணு, கம்பெனிச் சட்டம் 2013இன் 7ஆவது அட்டவணையில் கலை, பண்பாடு, பாரம்பரியக் கலைகள் எல்லாம் தெளிவா இருக்கு. அதனால பணம் கொடுத்ததில் சிக்கல் இல்லை. ஆனா உங்க அக்கவுண்டுக்கு மாத்தினதும் அது எங்களுக்குச் "செலவான" பணம் ஆகாது. நீங்க செலவழிச்சாத்தான் செலவு. எவ்வளவு பயன்பட்டதுன்னு எங்க நிதி அதிகாரி சான்று போடணும். தொடர் திட்டமா இருந்தா, மார்ச் 31இல் மிச்சமிருக்கிறதை ஏப்ரல் 30க்குள் தனிக் கணக்குக்கு மாத்தவேண்டிய கடமை கம்பெனிக்கு இருக்கு. அதனால 60,000 வேற செலவுக்குப் போனதை அவங்க கேக்கிறதுக்கு முன்னாடி நீங்களே போய்ச் சொல்லிருங்க. எங்க ஆபீஸில் இப்படி ஒருத்தர் நேரா வந்து சொன்னா, திருத்தின பட்ஜெட் வாங்கிக்கிட்டு விட்டுருவோம். ஆடிட்டில் நாங்களா கண்டுபிடிச்சா அடுத்த வருஷம் அந்தப் பேரே லிஸ்டில் வராது.

ரெண்டாவது. உங்க பட்ஜெட்டில் வாத்தியார் சம்பளம், வேன் வாடகை, பறை வாங்கினது மட்டும்தான் இருக்கும்னு பந்தயம் கட்டுறேன். கட்டட வாடகையில் ஒரு பங்கு, உதவியாளர் சம்பளத்தில் ஒரு பங்கு, ஆடிட் ஃபீஸ், இதெல்லாம் போட்டிருக்கவே மாட்டீங்க. "நிர்வாகச் செலவு 5 சதவீதத்துக்கு மேல் கூடாது"ன்னு யாராவது பயமுறுத்தியிருப்பாங்க. அந்த 5 சதவீதம் கம்பெனி தன்னோட சிஎஸ்ஆர் பிரிவை நடத்துற செலவுக்கான வரம்பு. திட்டத்தை நடத்துறவங்க செலவுக்கு அது பொருந்தாதுன்னு கம்பெனி விவகார அமைச்சகமே விளக்கம் கொடுத்திருக்கு. கேக்கத் தெரியாமத்தான் பாதிச் சங்கங்கள் திட்டம் கிடைச்ச பிறகு இன்னும் ஏழையாகுது.

புதுப்பொருளாளர் | 9 ஜூலை, பகல் 1.25

பந்தயத்தில் ஜெயிச்சிட்டீங்க சார். பட்ஜெட்டில் வாடகைக்கு ஒரு ரூபாய்கூட இல்லை. பறைகள் அடுக்கி வெச்சிருக்கிற ரூம் அந்தத் திட்டத்துக்கு மட்டும்தான். உதவியாளர் தங்கச்சி வாரத்தில் ரெண்டு நாள் அந்த வேலையைத்தான் பார்க்குது.

டீக்கடைபெஞ்ச் | 9 ஜூலை, பகல் 1.50

நான் ஒரு ஐடியா சொல்றேன், சிரிக்காதீங்க. கொட்டகை வாடகை வருஷம் 1.8 தானே? மதுரைப் பக்கம் காதணி விழா, வசந்த விழா, பூப்புனித நீராட்டுன்னு மண்டபம் கிடைக்காம அலையுறான் ஒவ்வொருத்தனும். வாரம் ஒரு விசேஷம் விட்டா அஞ்சு லட்சம் உக்காந்த இடத்துல வரும். பறைச் சத்தம் போக குக்கர் சத்தமும் கேக்கட்டுமே.

பேரேடு | 9 ஜூலை, மாலை 6.45

சிரிக்கலை, இதை எல்லா மையமும் ஒரு நாள் யோசிக்கும். ஆனா கணக்கைப் பாருங்க. கலை மையங்களை வருமான வரித்துறை பெரும்பாலும் "பொதுப் பயன்பாடு"ங்கிற வகையில் வைக்கும். அந்த வகையில் வியாபாரத் தன்மை உள்ள வரவு மொத்த வரவில் 20 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. தாண்டினா அந்த வருஷம் வரி விலக்கு போச்சு. இப்போ 18இல் 1.8, பத்து சதவீதம். அஞ்சு லட்சம் வந்தா மொத்தம் 21.2 ஆகும், அதில் 5ங்கிறது 23 சதவீதத்துக்கு மேல. விழா மலருக்கு வாங்குற கடை விளம்பரத்தையும் இதோட சேர்த்துப் பார்ப்பாங்கன்னு நினைச்சுக்கிட்டே கணக்குப் போடுங்க. அதோட இவரே வாடகைக்கு இருக்கார். விசேஷத்துக்கு உள்வாடகை விட வீட்டுக்காரர் எழுத்தில் சம்மதிச்சிருக்காரா?

நாடகம், இசை, கூத்துன்னு ஒத்திகைக்கு விடுறதைக் கூட்டுங்க, அது மையத்தோட நோக்கத்துக்குள்ளேயே வரும். ஜிஎஸ்டி பயம் இப்போ வேண்டாம், கட்டணமும் வாடகையும் சேர்ந்தே 6.4 தான், சேவைக்கு வரம்பு 20 லட்சம்.

திண்டுக்கல்செம்பருத்தி | 10 ஜூலை, காலை 9.30

நானும் இதே மாதிரி ஒரு மையத்தில் பல வருஷமா இருக்கேன். யாரும் கட்டணத்தைப் பத்திப் பேசலையே, அதான் எழுதுறேன்.

4.6 லட்சம் கட்டணம்னா மாசத்துக்கு 38,000 சொச்சம். வாத்தியார் சம்பளமே 45,000. அதாவது ஒவ்வொரு பிள்ளை வகுப்பில் உக்காரும்போதும் மையத்துக்கு நஷ்டம். பிள்ளைகள் கூடக்கூட நஷ்டம் கூடும். எங்க மையத்திலும் அப்படித்தான் இருந்தது. கார்ல வந்து இறங்குற பிள்ளைக்கும் 500, பின்னாடித் தெருப் பிள்ளைக்கும் 500, கேட்டா "கலை எல்லாருக்கும் சமம்". நாங்க கட்டணத்தை உண்மையான செலவுக்கு ஏத்தினோம். முடியாதவங்களுக்குச் சலுகை, அதுக்கு யாரும் சான்றிதழ் கொண்டுவர வேண்டாம், சொன்னாப் போதும். சலுகையில் குறையற தொகைக்கு "ஒரு பிள்ளைக்கு ஒரு வருஷம்"னு உபயதாரர் பிடிச்சோம். ஜவுளிக்கடைக்காரர், ரிட்டயர்ட் டீச்சர், வெளிநாட்டில் இருக்கிற பழைய மாணவங்க. வெளிநாட்டுல இருக்கிறவங்ககிட்ட வாங்கும்போது மட்டும் கவனம். இந்தியப் பாஸ்போர்ட் இருக்கிறவங்க தன் சொந்த அக்கவுண்டில் இருந்து அனுப்பலாம். வேற நாட்டுக் குடிமகன் ஆகிட்டாங்கன்னா வெளிநாட்டு நன்கொடைச் சட்ட (எஃப்சிஆர்ஏ) அனுமதி இல்லாம ஒரு ரூபாயும் தொடக்கூடாது.

நன்கொடை கொடுத்தவங்களுக்கு வரிக் கழிவு தர்ற 80ஜி ரசீதைக் காட்டிக் காசு கேக்கிற காலமும் போயிக்கிட்டு இருக்கு. புது வரிமுறையில் இருக்கிறவங்களுக்கு அந்தக் கழிவே கிடையாது. சம்பளக்காரங்க முக்காவாசிப் பேர் அங்கதான் போயிட்டாங்க. இப்ப எங்ககிட்ட கொடுக்கிறவங்க ரசீதுக்காகக் கொடுக்கலை. அந்தப் பிள்ளை வருஷக் கடைசியில் ஆடுறதைப் பார்க்க வர்றாங்க.

வாடிப்பட்டிசெட்டு | 10 ஜூலை, மதியம் 2.15

அக்கா, கட்டணத்தை ஏத்துங்க, வேணாம்னு சொல்லல. ஆனா "சொன்னாப் போதும்"னு எழுதுறது சுலபம். பின்னாடித் தெருப் பய ஆபீஸ் ரூம்ல போய் "எங்களால முடியாது"ன்னு சொல்வானா? சொல்ல மாட்டான், ரெண்டு வாரம் வர மாட்டான், அப்புறம் நின்னுருவான். என் கையில பதினஞ்சு வருஷம் கழிச்சும் பறையோட நிக்கிறவன் எவனும் கார்ல வந்து இறங்குன பையன் இல்ல. அவன் பத்தாவது வந்ததும் டியூசனுக்குப் போயிருவான். மையத்துக்குக் காசு தர்ற பிள்ளை ஒண்ணு, கலையைத் தூக்கிட்டுப் போற பிள்ளை வேற.

திண்டுக்கல்செம்பருத்தி | 10 ஜூலை, மாலை 4.00

தம்பி சொல்றது நியாயம்தான். நாங்க அதுக்கு ஒரு வழி வெச்சிருக்கோம். சலுகை யாருக்குன்னு ஆபீஸ் முடிவு பண்றதில்லை, வாத்தியார்தான் பேர் கொடுப்பார். பிள்ளையோட வீடு, வேலை, எல்லாம் அவருக்குத்தானே தெரியும். ரசீது எல்லாருக்கும் ஒரே மாதிரி, உபயம்னு அதில் எழுத மாட்டோம். நின்னுபோன பிள்ளைகள் எங்களுக்கும் இருக்காங்க, இல்லைன்னு சொல்ல மாட்டேன்.

நாடகப்பித்தன் | 10 ஜூலை, இரவு 8.45

பொங்கல் விழாவுக்கு 2.1 லட்சம் என்பது என் கண்ணில் உறுத்துகிறது. இரண்டு மாதச் சம்பளம் பாக்கி வைத்துவிட்டு மேடையும் விளக்கும் எதற்கு? எவ்வளவு வரவு வந்தது அந்த விழாவால்?

புதுப்பொருளாளர் | 10 ஜூலை, இரவு 9.30

விழாவுக்குன்னு வந்த நன்கொடை 80,000, உண்டியலில் 11,000. மிச்சம் கிட்டத்தட்ட 1.2 லட்சம் மையத்தோட கையிலிருந்து போயிருக்கு. பந்தல், மைக் செட், லைட் மட்டும் 90,000. வெளிச் செட்டு ஒண்ணுக்கு 28,000, செட்டுத் தலைவர் கையில் ஒரே தவணையா ரொக்கம். ஆனா ஒண்ணு சொல்லணும், முந்தின வருஷ விழாவைப் பார்த்துட்டுத்தான் சிஎஸ்ஆர் கம்பெனிக்காரங்க பேசவே வந்தாங்களாம். அதனால விழாவே வேண்டாம்னு சொல்ல எனக்கு மனசு வரலை.

பேரேடு | 11 ஜூலை, காலை 10.20

அந்த 28,000 ரொக்கத்தில் ஒரு சிக்கல். ஒரே ஆளுக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமா கொடுத்தா, அறப்பணிக்குச் செலவானதா வரித்துறை எடுத்துக்காது. வரவில் 85 சதவீதம் செலவாகணும்னு விதி. 18 லட்சத்துக்கு 15.3. உங்களுது 14.9, அதில் இந்த 28,000 கழிஞ்சா 14.62. குறையுது 68,000. சிஎஸ்ஆர் மிச்சத்தை வருமானமா காட்டாம பொறுப்பா காட்டினா இந்தக் குறையே வராது, நிலைமையும் உள்ளபடி தெரியும். அதை உங்க ஆடிட்டர்தான் ஒப்பந்தத்தைப் படிச்சுட்டு முடிவு பண்ணணும். வருமானமாவே காட்டறார்னா, பள்ளிக்கூடத் திட்டத்தை முடிக்கன்னு நோக்கம் எழுதி, மிச்சத்தைப் பின்னாடி செலவழிக்க ஒதுக்கி வெக்கிற படிவம் 10ஐக் கமிட்டித் தீர்மானத்தோட போடச் சொல்லுங்க. ஆகஸ்ட் 31க்குள்ள போட்டுர்றது நல்லது.

இனிமே செட்டுக்குக் கொடுக்கும்போது கலைஞர் ஒவ்வொருத்தர் பேரிலயும் தனித்தனியா அக்கவுண்டுக்குப் போடுங்க. ரொக்கமா கேக்கிறவங்களுக்குத் தனித்தனி வவுச்சர், 5,000க்கு மேலன்னா ரெவின்யூ ஸ்டாம்ப். செயலாளர் கடனையும் செக்காவே திருப்புங்க, 20,000 ரூபாயும் அதுக்கு மேலயும் இருக்கிற கடனை ரொக்கமா தொடக்கூடாது. உண்டியல் 11,000க்குப் பயப்பட வேண்டாம், பேர் தெரியாத நன்கொடைக்கு வருஷம் ஒரு லட்சம் வரைக்கும் வரி இல்லை.

இதையெல்லாம் விட அவசரம் ஒண்ணு. வரி விலக்குக்கான உங்க 12ஏபி பதிவு எந்தத் தேதி வரைக்கும்? 2021இல் மறுபதிவு வாங்கின பெரும்பாலான சங்கங்களுக்கு 2026 மார்ச் 31ஓட முடியுது. ஆறு மாசம் முன்னாடி, அதாவது இந்த செப்டம்பர் 30க்குள்ள புதுப்பிக்கப் படிவம் 10ஏபி போடணும். 80ஜிக்கும் தனியா போடணும். பதிவு போச்சுன்னா சிஎஸ்ஆரும் கிடையாது. உங்களை மாதிரி 5 கோடிக்குள்ள வரவு இருக்கிற இடங்களுக்கு 12ஏபி இப்போ 10 வருஷத்துக்குக் கொடுக்கிறாங்க, அதனால இந்த ஒரு தடவை ஒழுங்கா போட்டா ரொம்ப நாளைக்குத் தலைவலி இல்லை.

வாடிப்பட்டிசெட்டு | 11 ஜூலை, பகல் 12.05

தனித்தனியா அக்கவுண்டுக்குப் போடுறது எங்களுக்கும் நல்லது. தலைவர் கையில மொத்தமா குடுத்தா பங்கு பிரிக்கையில சண்டை. சின்னப் பயலுகளுக்கு வரவேண்டியது பாதியில நின்னுரும். அரசாங்கத்தோட இயல் இசை நாடக மன்றத்துல கருவி, ஆடை வாங்க உதவி தர்றாங்க, நாட்டுப்புறக் கலைஞர் நல வாரியமும் இருக்கு. அதுக்கெல்லாம் மையம் ஒரு ஆளை வெச்சு எங்களுக்கு மனு எழுதிக் குடுத்தாலே போதும், அதுவும் ஒரு சம்பளம்தான்.

புதுப்பொருளாளர் | 20 ஜூலை, இரவு 9.45

இன்னைக்குக் கமிட்டி கூடினது. இந்த இழையைப் பிரிண்ட் எடுத்து வெச்சுட்டேன், மூணு மணி நேரம் போச்சு.

பள்ளிக்கூடத் திட்டத்துக்குத் தனி அக்கவுண்ட் தொடங்குறோம். கம்பெனிக்கு நானும் தலைவரும் நேரில் போய் நிலைமையைச் சொன்னோம், முகம் சுளிச்சாங்க, ஆனா வாடகைப் பங்கும் உதவியாளர் பங்கும் சேர்த்துத் திருத்தின பட்ஜெட் கொடுக்கச் சொல்லியிருக்காங்க. ஒத்துக்குவாங்களான்னு தெரியாது. கட்டணம் ஆகஸ்டில் இருந்து 700, சலுகைப் பேரை வாத்தியார்கள் கொடுப்பாங்க. பொங்கல் விழாவுக்கு நவம்பர் 30க்குள்ள தனியா பணம் சேர்ந்தா மேடை, சேரலைன்னா பந்தல் இல்லாம மையத்து வாசலிலேயே பிள்ளைகள் ஆட்டம். இதில்தான் பெரிய சண்டை. ஒரு உறுப்பினர் பாதியில் எழுந்து போயிட்டார்.

சம்பளம் மாசம் அஞ்சாந்தேதி, வாடகைக்கு முன்னாடி. பழைய பாக்கி 90,000த்தை மூணு தவணையா தீர்க்கிறோம். முதல் தவணைக்கு மட்டும் பணம் இருக்கு. செயலாளர் ஐயா தன் 1.5 லட்சத்தை அடுத்த ஏப்ரல் வரைக்கும் கேக்க மாட்டேன்னு எழுதிக் கொடுத்துட்டார்.

பள்ளம் மூடலை. கட்டணம் ஏத்தினதில் வருஷம் ஒரு லட்சம் கூட வந்தா பெரிசு. மிச்சத்துக்கு உபயதாரர்தான் தேடணும்.

வாடிப்பட்டிசெட்டு | 20 ஜூலை, இரவு 10.20

வாடகைக்கு முன்னாடி சம்பளம்னு தீர்மானத்துல எழுத்துல போட்டாச்சாண்ணே? பேச்சுல சொன்னது ஐப்பசியில நிக்காது.

புதுப்பொருளாளர் | 20 ஜூலை, இரவு 10.31

மினிட்ஸ் புக்கில் ஏறியாச்சு தம்பி, எல்லாரும் கையெழுத்துப் போட்டாச்சு. எழுந்து போனவர் மட்டும் பாக்கி.

ஆடிட்டர் சார், 12ஏபி பார்த்தேன், நீங்க சொன்ன மாதிரியே 2026 மார்ச் 31தான். ஆனா வருமான வரி போர்ட்டலுக்குள்ள போக முடியலை. லாகினில் இருக்கிற மொபைல் நம்பர், மெயில் எல்லாம் பழைய செயலாளரோடது. அவர் மகன் வீட்டுக்குச் சிங்கப்பூர் போயிருக்கார்.

பேரேடு | 21 ஜூலை, காலை 9.00

அவருக்குப் போன் போட்டு, ஓடிபி வர்ற நம்பர் அங்கே ரோமிங்கில் உயிரோட இருக்கான்னு முதல்ல கேளுங்க. இருந்தா இன்னைக்கே உள்ளே போய் முதன்மைத் தொடர்பு நபரை மாத்திருங்க. புதுக் கமிட்டிப் பட்டியல் மாவட்டப் பதிவாளர்கிட்ட பதிவாகியிருக்கணும், தலைவரோட டிஜிட்டல் கையெழுத்துச் சாவி காலாவதி ஆகாம இருக்கணும். இந்த ரெண்டும் இல்லைன்னா 10ஏபி போட முடியாது. பட்டியல் பதிவாகலைன்னா நாளைக்கே போங்க, செப்டம்பருக்கு அப்படி ஒண்ணும் நாள் இல்லை.